இடப்பக்கம் போன அம்புகள்

“அம்மா, என் அம்பு மட்டும் ஏன் இடப்பக்கமே போகுது?”

சடையப்பன் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வில் பழக்கும் காராயி அவருடைய பாதங்களைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். நாணை இழுக்கும் வலது கையின் முழங்கையைப் பார்த்தார். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தன.

“இன்னொண்ணு விடுங்க.”

விட்டார்.

முப்பது தப்படி தள்ளி, வைக்கோல் பிரியை வட்டமாகச் சுற்றி நிறுத்தியிருந்த இலக்கு. அம்பு அதைத் தொடவில்லை. இடப்பக்கம் இரண்டு முழம் விலகி, பின்னாலிருந்த மண்மேட்டில் குத்தி நின்றது. அதற்கு முன் விட்ட ஐந்தும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன.

“நாளைக்குப் பார்ப்போம்,” என்றார் காராயி.

*

சடையப்பன் செக்கு ஆட்டியவர். காளைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரே வட்டத்தில் நடந்தவர். நாற்பத்தாறாம் வயதில் செக்கைத் தம்பி வைரவனிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் நடந்து இந்த மலையடிவாரத்துக்கு வந்தார்.

“எதுக்கு வில்?” என்று முதல் நாள் காராயி கேட்டார்.

“நேரா போற ஒண்ணு எப்படி இருக்கும்னு பார்க்கணும்மா.”

காராயிக்கு அவரைவிடப் பதின்மூன்று வயது குறைவு. அந்தப் பதிலைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

“வலிக்கும்,” என்றார்.

வலித்தது. முதல் மாதம் நாண் அடித்து அடித்து இடது முன்கை நீலம் பாய்ந்தது. விரல் நுனிகள் கொப்பளித்தன. முதல் அம்பு பறக்கவே இல்லை. நாணிலிருந்து நழுவி அவர் கால் விரல்மேல் விழுந்தது. சடையப்பன் குனிந்து அதை எடுத்து, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாம் மாதம் அம்பு பறந்தது. நாண் அதிரும் ஓசை காதோரம் கேட்டதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அது எங்கே போய் விழுந்தது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் பார்க்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி.

*

மறுநாளும் அம்புகள் அப்படியே போயின. காராயி வெகுநேரம் யோசித்தார்.

“அய்யா, உங்க உடம்புல குறை இல்லை. அம்பு ஒரு பக்கமா சாயுதுன்னா மனசு ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. அதைப் பாருங்க.”

சடையப்பன் கைகூப்பினார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

மூன்று நாள் வில்லைத் தொடாமல் மனசைத் துழாவினார். மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தது. நடந்து ஊருக்குப் போனார்.

வைரவன் செக்கடியில் இருந்தான்.

“தம்பி, அந்தச் செவலைக் காளையை உன்னைக் கேக்காம வித்தது தப்புடா.”

வைரவன் காளையை நிறுத்தினான். “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?”

“ஆமா.”

“அது போய் ஆறு வருஷமாச்சுண்ணே. நாலு நாள் அழுதேன். அப்புறம் விட்டுட்டேன். வா, சோறு ஆறுது.”

அண்ணனும் தம்பியும் வெகுகாலத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் சடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆற்றங்கரையில் யாரோ பாடிக்கொண்டு போன பாட்டைக் கொஞ்ச தூரம் தானும் பாடிக்கொண்டு வந்தார்.

வந்ததும் வில்லை எடுத்தார். ஆறு அம்பு விட்டார்.

ஆறும் இடப்பக்கம்.

அவர் வில்லைத் தாழ்த்தினார். “இன்னும் ஏதோ மிச்சம் இருக்கும்மா,” என்றார். அப்புறம் சொன்னார்: “நான் நினைச்ச அளவுக்கு நல்லவன் இல்லை போல.”

அன்று காராயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

*

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே நிற்க முடியாது. இருவரும் கொட்டகையில் உட்கார்ந்து புதிய அம்புகளுக்கு மூங்கில் குச்சிகளை நிமிர்த்தினார்கள். நெருப்பில் காட்டி, கோணல் உள்ள இடத்தில் விரலால் அழுத்தி, பிறகு கண்ணருகே தூக்கி நீளவாக்கில் பார்க்க வேண்டும். கோணல் போய்விட்டதா என்று கண் சொல்லும்.

சடையப்பன் ஒரு குச்சியைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார்.

காராயியின் கை நின்றுவிட்டது.

“அய்யா, அதை மறுபடியும் பாருங்க.”

“இன்னும் கோணலா இருக்கா?”

“பாருங்க.”

சடையப்பன் தூக்கினார். குச்சி நேராக இடது கண்ணுக்குப் போனது.

காராயி எழுந்து வந்து அவர் எதிரே நின்றார். “கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் பண்ணுங்க. கையை நீட்டுங்க. ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு, வளையத்துக்குள்ள அந்த விளக்கு மாடத்தைப் பாருங்க. தெரியுதா?”

“தெரியுது.”

“மாடத்தை விடாம, கையை மெல்ல முகத்துக்கிட்ட கொண்டு வாங்க.”

வளையம் அவருடைய இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது.

மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்று முறையும் இடது கண்.

காராயி தரையில் உட்கார்ந்தார். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது.

“எத்தனை நாளா வர்றீங்க?”

“நாலு மாசம், எட்டு நாள்.”

“சில பேருக்குக் குறி பார்க்கும்போது இடது கண்ணுதான் முன்னால ஓடும். அவங்க வில்லை வலது கையில பிடிச்சு, நாணை இடது கையால இழுக்கணும். மாத்திப் பிடிச்சா அம்பு இடப்பக்கம்தான் போகும். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. நான் பார்க்கலை.”

சடையப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்போ, என் மனசு?”

“உங்க மனசுக்கு ஒண்ணும் இல்லை.”

“நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“எனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்தது. அதுக்கு உங்க மனசுன்னு பேர் வச்சுட்டேன்.”

சடையப்பன் கையிலிருந்த குச்சியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“இடது கண்ணை மூடிக்கிட்டா?”

“மூடலாம். இலக்கு தெரியும். தூரம் சரியா தெரியாது.”

“அப்போ மறுபடியும் முதல்லேருந்தா?”

“முதல்லேருந்துதான்.”

அந்த நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே தன் குடிசைக்குப் போனார்.

*

காலையில் மழை விட்டிருந்தது. சடையப்பன் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று களத்துக்கு வந்தார்.

காராயி அம்பு விடும் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். வில் அவருடைய வலது கையில் இருந்தது. இடது கை நாணை இழுக்கத் திணறியது. தோள் தூக்கிக்கொண்டது. கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை மாற்றி வைத்தார்.

விட்டார். நாண் பட்டென்று வலது முன்கையில் அடித்தது. அம்பு பத்து தப்படியில் புல்லில் படுத்துக்கொண்டது.

அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். இன்னொரு அம்பை எடுத்தார். அதுவும் புல்லுக்குத்தான் போனது. நாண் அதே இடத்தில் அடித்தது.

சடையப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். வேறு வார்த்தைகள் வந்தன.

“முழங்கையை வெளிப்பக்கமா திருப்புங்கம்மா. நாண் வர்ற வழியில நிக்குது.”

காராயி திரும்பிப் பார்த்தார். திருப்பினார். விட்டார். நாண் கையில் படவில்லை. அம்பு இருபது தப்படி போனது.

“தேவலை,” என்றார் காராயி.

“எதுக்கும்மா இது? உங்க கண்ணு சரியாத்தானே இருக்கு?”

“இந்தக் கையில எங்கெங்க தப்பு வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாம எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?”

சடையப்பன் மூட்டையை இறக்கிவைத்தார். இன்னொரு வில் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. அதை வலது கையில் எடுத்தார்.

*

ஐந்து வாரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் விட்டால் மற்றவர் பார்ப்பார்.

“தாடை இறங்குது.”

“உங்களுக்கும்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் வலது முன்கை நீலமாக இருந்தது. சடையப்பன் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெய்க் குடுவை பாதிக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் விடியற்காலை, பனி இன்னும் கலையவில்லை. சடையப்பன் அம்பை விட்டார். இலக்கு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் மண்ணில் குத்தும் சத்தம் வரவில்லை. வேறு சத்தம் வந்தது. வைக்கோல் மூட்டையைத் தரையில் போட்டதுபோல், மெத்தென்று.

அவர் காராயியைப் பார்த்தார்.

“கேட்டுது,” என்றார் காராயி.

*

அந்த வாரக் கடைசியில் பாளையத்துத் தளவாய் வந்தார். பாளையத்தின் படை முழுக்க அவர் பொறுப்பு. அவர் குதிரைமேல் இருந்தார். இரண்டு வீரர்கள் கூட நடந்து வந்தார்கள்.

“காராயி நீதானா?”

“ஆமாங்க.”

“கோட்டையில அறுபது பேருக்கு வில் பழக்க ஆள் வேணும். போற ஊர்லயெல்லாம் உன் பேரைத்தான் சொல்றாங்க. நான் பார்க்காம யாரையும் வச்சுக்கிறதில்லை. ஒரு அம்பு விடு.”

காராயி கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் வில்லைத் தூக்கினார். இழுத்தார். விட்டார்.

அம்பு இலக்குக்கு மேலே போய் மண்மேட்டின் உச்சியில் புழுதி கிளப்பியது.

வீரர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“கையை மாத்துங்கம்மா,” என்று சடையப்பன் தணிந்த குரலில் சொன்னார். “கோட்டை வேலைம்மா.”

“இப்போ இந்தக் கைப் பாடம்தானேய்யா நடக்குது,” என்றார் காராயி.

தளவாய் குதிரையைத் திருப்பினார்.

சடையப்பன் ஓடிப்போய்க் குதிரைக்கு முன்னால் நின்றார். பெரிய மனிதர்களிடம் பேசிப் பழக்கம் இல்லாதவர். மூச்சு வாங்கியது.

“ஐயா, வலது கையில இழுத்தா அவங்களுக்கு ஒண்ணும் தப்பாது. நான் அஞ்சு மாசமா கண்ணால பார்த்தவன். எனக்கு இடது கண்ணு முன்னால ஓடுது. அது தெரியாம ஆரம்பத்துல வேற கையில பழக்கிட்டாங்க. என் அம்பெல்லாம் இடப்பக்கமே போச்சு. தெரிஞ்சதும் தன் தப்புன்னு சொல்லிட்டு, எனக்குச் சொல்லிக்கொடுக்கிறதுக்காக அவங்களும் புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. அதுதான் நீங்க பார்த்தது.”

தளவாய் கடிவாளத்தைப் பிடித்தபடி இருந்தார்.

“இடப்பக்கமா?”

“ஆமாங்க.”

“எவ்வளவு?”

“ரெண்டு முழம். நூல் பிடிச்ச மாதிரி அதே இடம்.”

தளவாய் சற்று நேரம் மண்மேட்டையே பார்த்தார். பிறகு வீரர்களிடம், “நீங்க ரெண்டு பேரும் அந்தப் புளியமரத்தடிக்குப் போங்க,” என்றார்.

அவர்கள் போய்ச் சேரும்வரை பேசவில்லை.

“நான் அம்பு விடற அன்னைக்கு,” என்றார், “என் ஆட்கள் இலக்கை ரெண்டு முழம் இடப்பக்கமா நகர்த்தி நட்டு வைக்கிறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. பதினாலு வருஷமா.”

காராயியும் சிரிக்கவில்லை. சடையப்பனும் சிரிக்கவில்லை.

“என் அம்பு இடப்பக்கமே போறதை எத்தனையோ விதமா நினைச்சிருக்கேன். சாபம்னுகூட நினைச்சிருக்கேன்,” என்றார் தளவாய். காராயியைப் பார்த்தார். “சரி பண்ண முடியுங்களா?”

“பார்த்துட்டுத்தான் சொல்லணும். நீங்க சொல்றதைப் பார்த்தா முடியும்னு தோணுது. ஆனா இத்தனை வருஷம் பழகின கையை விட்டுடணும். முதல் அம்பு கால்ல விழும். பார்க்கிறவங்க சிரிப்பாங்க.”

“எத்தனை நாள் ஆகும்?”

“தெரியலைங்க. நாங்களே இன்னும் போய்ச் சேரலை.”

புளியமரத்தடியிலிருந்து வீரர்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தளவாய் குதிரையிலிருந்து இறங்கினார்.