ஐந்தில் ஒரு கரண்டி

“இனிமே ஒரு நெல்லுமணிகூடச் சேர்க்க மாட்டேன், சாமி.”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மருத்துவச்சி உலகாயி ஆரம்பித்துவிட்டாள். குரு வைரவரை இந்த உலகத்துக்கு இழுத்துவந்ததே அவள் கைதான். ஆனாலும் சிஷ்யை அவள்தான்.

“யார்மேல கோபம்?” என்றார் குரு.

யார்மேல் இல்லை? அந்த நாட்டில் முதுமைக்கென்று குதிரில் ஒதுக்கும் நெல்லுக்கு வரி கிடையாது. நல்ல சட்டம்தான். இந்த வருஷம் அதற்கு ஒரு வால் முளைத்துவிட்டது. புருஷன் பெண்டாட்டியில் ஒருவருக்கு அரண்மனை முதுமை மானியம் இருந்து, இருவர் வருமானமும் சேர்ந்து நூறு கலம் நெல்லைத் தாண்டினால், மற்றவர் ஒதுக்கும் நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு வரி.

உலகாயியின் புருஷன் அரண்மனைக் கணக்கர். அவருக்கு மானியம் உண்டு. அவர் கண்ணை மூடினால் அதுவும் நின்றுபோகும். அப்புறம் அவள் கஞ்சிக்கு அந்தக் குதிர் ஒன்றுதான் கதி.

“முப்பது வருஷமா ஓடி ஓடிப் பிரசவம் பார்த்தேன். கூலி எனக்குன்னுதான் கொடுத்தாங்க. வரி போடும்போது மட்டும் நான் அவர் பெண்டாட்டியா?”

வீட்டில் கிடக்கும் கூலி நெல் முழுவதையும் விற்றுத் தின்று தீர்க்கப் போகிறாளாம். நெல் இருந்தால்தானே வரி போடுவான்.

சாப்பாட்டு நேரம். குரு அவளைப் பந்தியில் உட்காரச் சொன்னார்.

அவரே பரிமாறினார். அவள் இலையில் ஐந்து கரண்டி சோறு வைத்தார். உடனே ஒரு கரண்டியைத் திரும்ப அள்ளி, மதில்மேல் காத்திருந்த காக்கைக்கு வீசினார்.

மடத்துக் காக்கைக்குத் தினமும் பானையிலிருந்துதான் சோறு போகும். யார் இலையிலிருந்தும் போனதில்லை.

“என் இலையில மட்டும் ஏன்?”

“உங்க வீட்டுக்காரர் அரண்மனையில சாப்பிட்டிருப்பாரே.”

பந்தியில் யாரோ சிரித்தார்கள். உலகாயிக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. ஒரு பருக்கைகூடத் தொடாமல் இலையை மூடினாள்.

குரு குனிந்து இலையில் கை வைத்தார்.

“வேண்டாம்னா, மீதி நாலையும் காக்கைக்கே போட்டுடறேன்.”

அவள் கை முந்திக்கொண்டது. வழுக்கும் சிசுவை நழுவாமல் பிடித்துப் பழகிய கை அது.

“விடுங்க சாமி. இது என் சோறு.”

விட்டுவிட்டார். அவள் கோபம் மட்டும் விடவில்லை.

“அப்போ அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டச் சொல்றீங்களா?”

“யார் சொன்னது? நாளைக்கே அரண்மனை வாசல்ல போய்ச் சண்டை போடுங்க. நானும் கூட வர்றேன்.” குரு கரண்டியைப் பானைக்குள் வைத்தார். “ஆனா, வெறும் வயித்தோட சண்டைக்கு வர்றவளைத்தான் ராஜாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

உலகாயி காக்கையை ஒரு முறை முறைத்தாள். பிறகு இலையைத் திறந்தாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க. சாயங்காலத்துக்குள்ள நெல்லைக் குதிர்ல கொட்டணும்.”