நாலாவது ஆணி

மழை பிடித்தால் பதினைந்து நாள் விடாத மலையூர் அது. அங்கே கடைத்தெருவின் கடைசியில் எஸ்தருக்கு ஒரு ஷூ பழுதுபார்க்கும் கடை. தேயிலைத் தோட்டத்து மேலாளர்கள், வனக் காவலர்கள், தபால்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அந்த மலையில் பாதி வழி பாறை, மீதி வழி பாசி. அங்கே நடக்கிறவனுக்குக் கண்ணுக்கு அடுத்தபடி காலில் இருப்பதுதான் முக்கியம்.

எஸ்தரிடம் தொழில் கற்க வந்தவர் பொன்னுரங்கம். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு நாற்பத்தேழு. குரு சீடரை “அண்ணே” என்பார், சீடர் குருவை “மேஸ்திரி” என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பொன்னுரங்கம் கீழே சமவெளியில் ஒரு ஷூ ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருடமும் ஒரே வேலை, அடியட்டைக்குப் பசை தடவுவது. ஆலையை மூடியபோதுதான் ஒரு முழு ஷூவைச் செய்யத் தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது.

“நல்ல தோலை மடக்கிப் பாருங்கண்ணே” என்பார் எஸ்தர். “சுருங்கும், விட்டா திரும்பி வரும். உயிர் இருக்குன்னு அர்த்தம். காய விட்டா வெடிக்கும், ஊற விட்டா அழுகும். நடுவுல வெச்சுப் பாத்துக்கணும். அவ்வளவுதான் தொழில்.”

ஒரு புதன்கிழமை வனக் காவலர் நஞ்சன் தன் பூட்ஸைக் கொண்டுவந்தார். ஒன்பது வருடம் உழைத்த பூட்ஸ். கருத்த, கனத்த எருமைத்தோல். இரண்டு முறை அடி மாற்றியும் மேல்தோல் இன்னும் குழந்தையின் கன்னம் போல மிருதுவாக இருந்தது. அடியட்டை தேய்ந்திருந்தது. உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

“வெள்ளிக்கிழமை காலையில வேணும். மத்தியானம் மூணு மணிக்கு வழுக்குப்பாறைக்கு ரோந்து” என்றார் நஞ்சன்.

“இது காயவே மூணு நாளாகும்” என்றார் எஸ்தர்.

“எனக்காகப் பாருங்கம்மா.”

எஸ்தர் பூட்ஸைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினார். “இதை நீங்களே முழுசாப் பண்ணுங்கண்ணே. உள்ள பேப்பர் திணிச்சு, காத்து வர்ற நிழல்ல வையுங்க. முடியலைன்னா முடியலைன்னு அவர்கிட்ட சொல்லிடலாம்.”

முதல் முறையாக ஒரு முழு வேலை. முடியவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை எஸ்தர் சரக்கு வாங்கக் கீழே போயிருந்தார். பூட்ஸ் இன்னும் ஈரம். பொன்னுரங்கம் டீ போடும் கரியடுப்புக்கு அருகில் அதை வைத்தார். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம்.

காய்ந்தது. புது அடியட்டையை வைத்துத் தைக்க உட்கார்ந்தார். மேல்தோலையும் அடியட்டையையும் சேர்த்துப் பிடிக்க ஷூவைச் சுற்றி ஒரு தோல்பட்டை ஓடும். தையல் முழுவதும் அந்தப் பட்டையில்தான் நிற்கும். வலது கால் பூட்ஸின் முன்பக்கம் குத்தூசியை இறக்கியபோது பட்டை அப்பளம் போல முறிந்தது. மெல்லிய சத்தம். இரண்டு தையல் துளைகளுக்கு நடுவில் ஒரு கீறல்.

பொன்னுரங்கம் குத்தூசியைக் கீழே வைத்தார்.

வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. கீறலில் பசையை விட்டார், இருபத்திரண்டு வருடப் பழக்கம். மீதியைத் தைத்து முடித்தார். அதன்மேல் மெழுகு, மெழுகின்மேல் கறுப்புப் பாலிஷ். துணியால் தேய்க்கத் தேய்க்கக் கீறல் மறைந்தது. பூட்ஸ் மின்னியது.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் கடைக்கு வருமுன்பே நஞ்சன் வந்து அதை மாட்டிக்கொண்டு தரையில் இரண்டு முறை மிதித்தார்.

“கெட்டியா இருக்குமாண்ணே?”

“இருக்கும்” என்றார் பொன்னுரங்கம்.

நஞ்சன் போய்விட்டார். அதன்பின் பொன்னுரங்கத்துக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழும் ஒவ்வொரு சத்தமும் பட்டை முறியும் சத்தமாகக் கேட்டது. கண்ணை மூடினால் வழுக்குப்பாறை. நஞ்சன் வலது காலின் நுனியை ஊன்றி ஏறுகிறார். துளைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. பூட்ஸ் வாய் பிளக்கிறது. கீழே நூறு அடி.

பசை பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஈரத்தில் பிடிக்காது என்று அவர் கைக்குத் தெரியும்.

மதியம் வீராசாமி வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், இடது கால் குட்டை. வெள்ளிதோறும் வருவார். வரும்போதே ஒரே வசனம்தான்.

“என் காலை ஒடிச்ச மகராசி இருக்காளா?”

“இருக்கேன், உள்ள வாங்க” என்றார் எஸ்தர். கடையே சிரிப்பது வழக்கம். அன்று பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

வீராசாமி முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். “என்னய்யா பொன்னுரங்கம், சுவத்துல அடிச்ச பல்லி மாதிரி உக்காந்திருக்கே? மேஸ்திரி திட்டிட்டாளா?”

“இல்லைங்க.”

எஸ்தர் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து வீராசாமியின் இடது ஷூவைத் துடைக்கத் தொடங்கினார். பொன்னுரங்கம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அடக்க முடியாமல் கேட்டார்.

“மேஸ்திரி, இந்தத் தொழில்ல பயம் எப்போ போகும்?”

எஸ்தர் கையிலிருந்த ஷூவை அவரிடம் நீட்டினார்.

“குதி எவ்வளவு உயரம்?”

பொன்னுரங்கம் விரல் வைத்து அளந்தார். “மத்ததைவிட ரெண்டு விரல் கூட.”

“ஏன்?”

“அவரு கால் குட்டைங்க.”

“ஏன் குட்டை?”

பொன்னுரங்கம் விழித்தார். வீராசாமி தொடையில் தட்டிக்கொண்டார். “நீ வந்த நாள்லேர்ந்து வாராவாரம் சொல்லிட்டிருக்கேன். நீயும் பல்லைக் காட்டிட்டே இருக்கே. யாரு ஒடிச்சதுன்னு கேட்டியா?”

“அது… விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு…”

“விளையாட்டா? குதிக்கட்டைக்கு நாலு ஆணி அடிக்கணும். உங்க மேஸ்திரி மூணுதான் அடிச்சா. ஆணி தீர்ந்துபோச்சு, நான் வேற வாசல்ல நின்னு அவசரம் அவசரம்னு கத்திட்டிருந்தேன். நாலாவது எடத்துல பசை. கடிதாசிப் பையோட தோட்டத்துப் படிக்கட்டுல இறங்கறேன், குதி கழண்டுக்கிச்சு. எலும்பு மூணு துண்டு. பதினாலு வருசமாச்சு.”

பொன்னுரங்கம் கையிலிருந்த ஷூவைத் திருப்பிக் குதியைப் பார்த்தார்.

“பாசி வழுக்கிடுச்சுன்னுதான் நான் நெனச்சுட்டிருந்தேன்” என்றார் வீராசாமி. “யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இவளா வந்து நின்னா. ‘அண்ணே, நாலாவது ஆணி அடிக்கலை’ன்னா.”

எஸ்தர் தலையைத் தூக்கவில்லை.

“மேஸ்திரி” என்றார் பொன்னுரங்கம். “நஞ்சன் பூட்ஸை அடுப்புகிட்ட வெச்சுட்டேன். வலது கால் பட்டை முறிஞ்சிருக்கு. பசை போட்டு மூடிட்டேன்.”

எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

“எத்தனை மணிக்கு ஏறுவார்?”

“மூணு மணிக்கு.”

“ஓடினா பாறை அடிவாரத்துச் சோதனைச் சாவடிக்கு முக்கால் மணி நேரம்.”

“நீங்க வரலையா மேஸ்திரி?”

“தைச்சது யாரு?”

பொன்னுரங்கம் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?”

“என்கிட்ட சொன்னதை.”

அவர் ஓடினார். குடை எடுக்கவில்லை. பாதை முழுவதும் சிவப்புத் தண்ணீர். நெஞ்சு வலித்தது. ஒரு வளைவில் விழுந்து முழங்கால் கிழிந்தது. பிந்திவிடுவோமோ என்று ஒரு பயம். பிந்தாமல் போனால் நஞ்சனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இன்னொரு பயம். ஓரிடத்தில் நின்றேவிட்டார். நஞ்சன் ஏறியிருப்பார், திரும்பிவிடலாம் என்று மனது சொன்னது. எந்தப் பயம் அதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி ஓடினார்.

சாவடியில் யாரும் இல்லை. அதைத் தாண்டி, பாறை தொடங்கும் இடத்தில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது.

“நஞ்சண்ணே! ஏறாதீங்க!”

நஞ்சன் திரும்பினார். வலது கால் பாறையில் இருந்தது.

பொன்னுரங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நஞ்சன் ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடக்கினார். மெழுகு உதிர்ந்தது. டப் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. ஏழு துளைகள் வரிசையாகக் கிழிந்து, அடியட்டை நாக்கு மாதிரித் தொங்கியது.

நஞ்சன் அதைப் பார்த்தார். பாறையின் உச்சியைப் பார்த்தார்.

“காலையில கேட்டேனே. கெட்டியா இருக்குமான்னு கேட்டேனே உன்னை.”

“கேட்டீங்க.”

“வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்கய்யா எனக்கு.”

பொன்னுரங்கத்தால் நிமிர முடியவில்லை. நஞ்சன் இரண்டு பூட்ஸையும் அவர் மார்பில் வீசினார். சாவடிக்குப் போய் அங்கிருந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பாறையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பொன்னுரங்கம் கடைக்கு வந்தபோது மழை நின்றிருந்தது. வீராசாமி இன்னும் முக்காலியில்தான் இருந்தார். எஸ்தர் கையில் அதே இடது ஷூ. எண்ணெய்த் துணி மெதுவாக, மடிப்பு மடிப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஏறிட்டாரா?”

“இல்லை மேஸ்திரி. பிடிச்சுட்டேன்.”

வீராசாமி பெருமூச்சு விட்டார். எஸ்தரின் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

“பழைய பட்டை முழுசையும் அறுத்து எடுங்க. புதுசு வெட்டித் தர்றேன். ஈரம் காய மூணு நாள், நிழல்ல. வேலை முடிஞ்சதும் நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“வாங்கிக்குவாரா?”

“தெரியாது.”

பொன்னுரங்கம் கத்தியை எடுத்தார். முதல் தையலை அறுத்தார், இரண்டாவதை அறுத்தார். பிறகு கத்தியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“பதினாலு வருசம் ஆயிடுச்சே மேஸ்திரி. உங்களுக்காவது அந்தப் பயம் போயிடுச்சா?”

எஸ்தர் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குதியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குனிந்து அதை வீராசாமியின் காலருகே வைத்தார்.

“வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் போடறேனே, அண்ணே.”