வரிசைப்படி வணக்கம்

தூத்துக்குடியில் 'தலைவனே வேண்டாம்' மாநாடு, தோழர் அனல்வாணன் தலைமையில் அமர்க்களமாக நடந்தது. யாரும் யாருக்கும் கீழில்லை என்று முழங்கிவிட்டு, தன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார் அவர். மேடையில் இன்னும் ஏழு தோழர்கள், ஏழு பொன்னாடைகள்.

மீன் விற்கும் சலேத்மேரி மேடையேறினாள். அன்று மத்தியானம் மீன்காரர்களின் சந்தையை இடிக்கப் புல்டோசர் வருகிறது. மறிக்க ஆள் வேண்டும். மைக்கைத் தொட்டதுமே அனல்வாணன் தடுத்தார்.

"மேடை நாகரிகம் தெரியாதாம்மா? முதல்ல எங்க எல்லாரையும் தகுதி வரிசைப்படி 'அவர்களே, அவர்களே'ன்னு சொல்லிட்டு அப்புறம் பேசு."

"சரி அண்ணாச்சி, முதல்ல உங்களச் சொல்லிருதேன். உங்களுக்கு அடுத்த பெரிய ஆளு யாரு?"

அனல்வாணன் யோசிக்காமல் வலப்பக்கம் கைகாட்டினார். இடப்பக்கம் கொதித்தது.

"மூணு தடவை ஜெயிலுக்குப் போனவன் நான்!"

"லத்தியடி வாங்கினது யாருய்யா?"

பொன்னாடைகள் பறந்தன.

சலேத்மேரி கூட்டத்தைப் பார்த்தாள். "அவிய பேசி முடிக்கட்டும். எங்க மீன் சந்தைய இடிக்க வாராவ. வாங்க, போய் மறிப்போம்."

ஒருவழியாக மேடையில் வரிசை முடிவானது. "இப்பச் சொல்லும்மா" என்று பெருமிதத்தோடு திரும்பினார் அனல்வாணன்.

எதிரே காலி நாற்காலிகள். தலைவன் வேண்டாம் என்ற தீர்மானத்தைக் கூட்டம் நிறைவேற்றிவிட்டுப் போயிருந்தது.