போதும் என்று சொன்ன எலும்பு

குற்றாலத்துச் சாரல் பொல்லாதது. பட்டப்பகலிலேயே ஆளைத் தூங்கவைத்துவிடும். மலையடிவார மருத்துவமனை பாதிக் கண்ணை மூடிக் கிடந்த ஒரு மத்தியானத்தில், எலும்பு டாக்டர் சிவநேசன் தன் குருவின் வீட்டைத் தேடி வந்தார்.

குரு என்றால் தாடி இல்லை. மங்கையர்க்கரசி, சிறுநீரக டாக்டர். சிவநேசனைவிட இருபது வயது இளையவள். சந்தேகம் வந்தால் அவளிடம் போய்க் கேட்பதில் அவருக்கு வெட்கமில்லை.

"அந்தச் சின்னப் பொண்ணு இசக்கிக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்மா. போன வருஷம்தான் அவ காலை நேராக்கினேன். மறுபடி வில்லா வளைஞ்சுபோச்சு. 'இந்தத் தடவையாவது நேராவே இருக்குமா தாத்தா'ன்னு கேக்கறா. என்ன சொல்றதுன்னு தெரியல."

"பாஸ்பேட் மருந்து குடுக்கறீங்களா?"

"குடம் குடமா ஊத்தறேன். எலும்பு அந்த உப்புக்கு ஏங்கிக் கிடக்கு. பாழாப்போன சிறுநீரகம் ஒரு துளி தங்கவிடாம கொட்டுது. அதைத் திருத்திக் குடுங்க."

"சாப்பிட்டீங்களா ஐயா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. "இருக்கட்டும்மா" என்றார்.

அவள் இலை போட்டாள். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் மணந்தன. இரண்டாவது கரண்டிக்கே அவர் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும் போதும்" என்றார். நம் ஊரில் யார்தான் சொல்லமாட்டார்கள்? இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவார்கள், நாமும் சலித்துக்கொண்டே சாப்பிடுவோம்.

மங்கை வற்புறுத்தவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மிச்சத்தையெல்லாம் நாய்க்குக் கொட்டினாள்.

சிவநேசனுக்கு வயிறு எரிந்தது. இதென்ன மரியாதை என்று மனசுக்குள் முறைத்தார்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "என் மேல கோபமா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னா நிஜமாவே நிறுத்திடுவீங்களா?"

"சொன்னதைத்தானே செஞ்சேன்."

ஜன்னல் வழியாகப் பஞ்சுபோல மூடுபனி உள்ளே வந்தது.

"சிறுநீரகத்துக்குள்ள சின்னச் சின்ன வாசல் இருக்கு ஐயா," என்றாள் மெதுவாக. "வெளியே போற பாஸ்பேட்டைப் பிடிச்சு ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புற வாசல். போதும்னு ஒரு ஹார்மோன் வந்து சொன்னா, அந்த வாசல் ஒண்ணொண்ணா உள்ளே போய் மறைஞ்சிடும், உப்பெல்லாம் சிறுநீரோட ஓடிடும்."

அவருக்குக் கண் செருகியது. நனைந்த சந்து ஒன்றில் தான் நடந்துபோவதுபோலவும், இரண்டு பக்கமும் கதவுகள் சத்தமில்லாமல் மறைவதுபோலவும், காலடியில் வெள்ளை உப்பு ஆறாய் ஓடுவதுபோலவும் இருந்தது. எங்கிருந்தோ ஒரு குரல் போதும், போதும் என்றது. பிள்ளைக் குரல். கேட்கவே பாவமாக இருந்தது.

"யாரும்மா அப்படிச் சொல்றது?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மங்கை குனிந்து அவர் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் விரல் வைத்தாள்.

விழித்துக்கொண்டார். "எலும்பா? பட்டினி கிடக்கற எலும்பேவா?"

"உப்பு மிஞ்சினா எல்லார் எலும்பும் அப்படிச் சொல்லும். இசக்கியோட எலும்பு பிறவிக் கோளாறால, வெறும் வயித்தோடயே சொல்லிக்கிட்டிருக்கு. சிறுநீரகம் பாவம், கேட்டு நடக்குது. அந்த ஹார்மோனை வழியிலேயே மடக்க ஊசி இருக்கு. ஆனா எலும்பு தேற மாசக்கணக்கா ஆகும்."

சிவநேசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காரணமில்லாத பெருமை என்று சொல்ல முடியாது.

"அவ அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்மா. நாளைக்கே நேராக்கிடறேன்னு. என்னால முடியும்."

"முடியும் ஐயா. உங்க கை தெரியாதா எனக்கு?" என்றாள் மங்கை. "பசியில துவண்டு விழற பிள்ளையை எத்தனை தடவைதான் நேரா நில்லுன்னு தூக்கி நிறுத்துவீங்க?"