ஏழாவது மாடித் தரிசனம்

குருவுக்கு ஐம்பது வயது. சீடருக்கு எழுபது தாண்டிவிட்டது. குரு அவரைப் பெரியவரே என்பார். அவர் குருவைச் சாமி என்பார். இருவரும் நகரத்தின் நடுவில், ஒரு பழைய குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் இருந்தார்கள். சமையல் சீடருடையது. குருவுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது.

சீடர் தாண்டவராயருக்கு ஒரு பழக்கம். காலையில் கைப்பிடிச் சுவரோரம் நின்று, ரயில் பாதைக்கு அப்பால் தெரியும் ஈசுவரன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து கும்பிடுவார். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கல்யாணமான புதிதில் மனைவி பழக்கிய பழக்கம். அவள் போனபிறகும் அவர் விடவில்லை.

அந்தக் கோபுரத்தை ஒரு கட்டடம் மறைத்தது. கீழே ஷாப்பிங் மால், மேலே வானம் வரை அலுவலகங்கள், உடம்பெல்லாம் கண்ணாடி. அது வளர வளர முதலில் கோபுரத்தின் அடுக்குகள் போயின. பிறகு கலசமும் போயிற்று.

தாண்டவராயர் மேம்பாலம் ஏறிக் கோயிலுக்கு நடந்து பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆட்டோ பிடிக்கலாமே என்று குரு சொன்னதற்கு, சாமி கும்பிட வாடகை வண்டியா என்று கோபித்துக்கொண்டார். வெறும் வயிற்றோடு நடந்து மதியம்தான் திரும்புவார். ஆள் இளைத்துப் போனார்.

ஒருநாள் பையைக் கட்டினார். கும்பகோணத்தில் தங்கை வீடு இருக்கிறது, தெருவில் நின்றாலே கோபுரம் தெரியும், போய்விடுகிறேன் என்றார்.

"போங்கள். அதற்கு முன் நாளைக்கு என்னோடு ஓர் இடம் வாருங்கள்" என்றார் குரு.

மறுநாள் அழைத்துப்போன இடம் அந்த மால்தான். வாசலில் காவலர் குருவின் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு டிபன் டப்பா, அதில் இட்லி. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றார். வரும்போது வாங்கிக்கொள்கிறோம், அதுவரை நீங்கள் தின்றுவிடாதீர்கள் என்று குரு ஒப்படைத்தார். காவலர் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பயம் வேண்டாம் என்றார்.

நகரும் படியில் கால் வைக்கத் தாண்டவராயர் தயங்கினார். குரு கையைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது மாடி சாப்பாட்டுக் கூடம். கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. கோடியில் கண்ணாடிச் சுவர்.

அதன் அருகே போன தாண்டவராயர் அப்படியே நின்றார். ரயில் பாதை, ஓட்டு வீடுகள், நடுவில் கோபுரம். கலசங்கள்கூடக் கீழே இருந்தன. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூக்கிய கை பாதியில் நின்றது.

"என்ன பெரியவரே?"

"அபசாரம் சாமி. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். மேலே நின்றுகொண்டு குனிந்து பார்ப்பதா? அவள் இருந்தால் என்னைச் சும்மா விடுவாளா?"

குரு கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் அண்ணாந்து பார்த்த நாளெல்லாம் அது உங்களைக் குனிந்துதான் பார்த்தது. உங்களைக் குறைவாகவா நினைத்தது?"

தாண்டவராயர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். குனிந்து பார்த்தார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல முகம் இளகிற்று. கை தானாகக் குவிந்தது.

கீழே இறங்கி டப்பாவை வாங்கிக்கொண்டு, வாசல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தாண்டவராயர் ஓர் இட்லியைப் பிய்க்கப் பார்த்தார். பிய்யவில்லை. கடித்து, நெடுநேரம் மென்றார்.

"யார் செய்தது சாமி?"

"நான்தான். நீங்கள் போனபிறகு எனக்கு இதுதானே."

தாண்டவராயர் இன்னொரு இட்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"சாயங்காலம் அரிசி ஊறப்போடவேண்டும்" என்றார். "ஞாபகப்படுத்துங்கள்."