துளை விழாத பேஸ்

பொன்மலையில் டெல்ஃபின் மிஸ்ஸிடம் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டவர்களில் வயதில் பெரியவர் தணிகாசலம்தான். அவருக்கு ஐம்பத்து நாலு, மிஸ்ஸுக்கு முப்பத்தொன்று. தணிகாசலம் 'மிஸ்' என்பார், டெல்ஃபின் 'சார்' என்பார். பார்ப்பவர்களுக்கு யார் யாருக்கு வாத்தியார் என்று குழம்பும். வாசிக்க ஆரம்பித்ததும் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு புதன்கிழமை காலை, தன் ஹார்டுவேர் கடையைக்கூடத் திறக்காமல், நீளமான பெட்டியோடு வந்து நின்றார் தணிகாசலம். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பன்னீர் சொல்லிட்டான் மிஸ்."

பன்னீர், அவர் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் தலைவர்.

"என்ன சொன்னாரு?"

"சனிக்கிழமை கச்சேரியிலயும் இப்படியே தடுமாறினா வேற ஆளைப் போட்டுக்கறேன்னுட்டான். ஆறு வருஷமா வாசிக்கறேன் மிஸ். மேடையில வெச்சுச் சொல்றான். மைக் வேற ஆன்ல இருக்கு!"

"முன்னாடியெல்லாம் நல்லாத்தானே வாசிச்சீங்க?"

"இது வந்ததுலேர்ந்துதான் மிஸ்."

பெட்டியைத் திறந்தார். உள்ளே, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஐந்து கம்பி எலெக்ட்ரிக் பேஸ். செய்த கம்பெனி இன்றைக்கு இல்லை. பேஸுக்கு ஐந்தாவதாக ஒரு கம்பி என்பதே அப்போது புதுசு, அதனால் கொஞ்சம்தான் செய்தார்கள். காரை விற்றுத்தான் இதை வாங்கினார். அன்றிலிருந்து அவர் மனைவி புஷ்பலதா எங்கே போனாலும் ஆட்டோவில் போகிறார், இறங்கும்வரை பேஸைத் திட்டிக்கொண்டே போகிறார்.

"இவ்வளவு அபூர்வமான வாத்தியம். என் கைக்கு மட்டும் ஏன் மிஸ் அடங்க மாட்டேங்குது?"

டெல்ஃபின் கையை நீட்டி அதை வாங்கினார். பேஸை மடியில் வைத்து, வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, சுருதியில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் அந்தத் தடித்த ஐந்தாவது கம்பியை ஒரு தட்டு தட்டினார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜையில் இருந்த காபி டம்ளர் நடுங்கியது. சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக வயிற்றுக்குள் இறங்கியது.

"அம்மாடி!" என்றார் டெல்ஃபின். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினார். அவருக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. "கார் என்ன சார், நானா இருந்தா வீட்டையே வித்திருப்பேன். எழுந்து நின்னு வாசிங்க, பாக்கலாம்."

தணிகாசலம் பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், பேஸின் தலை தரையைப் பார்த்துச் சரிந்தது. தலையில் கம்பியை முறுக்கும் ஐந்து கனத்த கீகள். பெல்ட்டை மாட்டும் பட்டனோ கழுத்துக்குக் கீழே பின்பக்கத்தில் இருந்தது. இடது கையால் கழுத்தைத் தூக்கிப் பிடித்தால்தான் நிற்கும். தூக்கிப் பிடித்த கையே கம்பிகளையும் அழுத்த வேண்டும். பல்லவி முடிவதற்குள் விரல்கள் தாளத்துக்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டன.

"பட்டன் இருக்கற இடம் சரியில்ல சார். மேல ஒரு கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த முனைக்கு மாத்தினா நேரா நிக்கும்."

"ஐயையோ! துளை போடணுமே!"

"சின்னத் துளை."

"சின்னதோ பெரிசோ! கம்பெனி போட்ட துளையைத் தவிர இதுல வேற துளையே கிடையாது மிஸ். ஒரு ஸ்க்ரூகூட மாறல. இந்த நிலைமையில இருக்கற பேஸை உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம்."

"அப்ப சனிக்கிழமை உங்க பழைய நாலு கம்பியை எடுத்துட்டுப் போங்க."

"இதைக் கேட்ட காதுக்கு அது கொசு கத்தற மாதிரி இருக்கு மிஸ்."

டெல்ஃபின் அந்தக் கொம்பின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இதை என்னைக்காவது விப்பீங்களா?"

தணிகாசலம் ஆடிப்போய்விட்டார். "என்ன மிஸ், இப்படிக் கேட்டுட்டீங்க!"

"நாளைக்கு ஒரு கஷ்டம் வருது. அப்ப?"

"கடையை விப்பேன். இதை விக்க மாட்டேன்."

"உங்களுக்கு அப்புறம்?"

"என் மக சுகிர்தா வாசிப்பா. அவளுக்கு வேணாம்னா என்கூடவே வெச்சு எரிச்சிடச் சொல்லியிருக்கேன். புஷ்பலதா சந்தோஷமா சரின்னுட்டா."

"நிச்சயமா?"

"எங்கப்பா மேல சத்தியம்."

டெல்ஃபின் உள்ளே போய் ட்ரில் மெஷினோடு வந்தார். தணிகாசலத்தின் கடையில் வாங்கியதுதான். சுவரில் எதையோ மாட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்ட தணிகாசலம், பேஸைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, "எந்தச் சுவர் மிஸ்? குடுங்க, நான் போடறேன்" என்று கையை நீட்டினார்.

டெல்ஃபின் பேஸை மடியில் சாய்த்தார். கொம்பின் முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ட்ரில் அலறியது.

தணிகாசலமும் அலறினார். ஓடிப்போய்த் தடுப்பதற்குள் ட்ரில் மரத்துக்குள் இறங்கிவிட்டது. நாற்பது வருடம் யாரும் தொடாத மரத்திலிருந்து சிவந்த தூள் சுருள் சுருளாக வந்து தரையில் விழுந்தது. கண்ணெதிரே ஒரு கொலை நடந்த மாதிரி வாயைத் திறந்தபடி ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார்.

"பாவி! என்ன காரியம் பண்ணிட்டே!"

மிஸ்ஸும் மரியாதையும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு! இனிமே இதை எவன் வாங்குவான்?"

ட்ரில் நின்றிருந்தது. அறையில் வேறு சத்தமே இல்லை. அதனால், தான் சொன்னது அவர் காதிலேயே தெளிவாக விழுந்தது. துளையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

டெல்ஃபின் சிரிக்கவில்லை. தூளை ஊதினார். பட்டனைப் புது இடத்தில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினார். அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, பெல்ட்டைத் தோளில் மாட்டிவிட்டார். இடது கை பழக்கத்தில் தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"கையை எடுங்க சார்."

"விழுந்துடும் மிஸ்."

"எடுங்க."

எடுத்தார். விழவில்லை. பேஸ் அசையாமல் நேராக நின்றது. சும்மா கிடக்கும் தன் இடது கையை, யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தணிகாசலம்.

"இத்தனை நாளா அந்தக் கை எவன் வாங்கப்போற பேஸைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, சார்?" என்று கேட்டார் டெல்ஃபின்.