நீலம் கண்ட கத்தி

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய அமலதாசுக்கு முதுகு ஒத்துழைக்காமல் போனது. ஐம்பத்து நான்காவது வயதில், குளச்சல் மீன் சந்தை வாசலில் சாணைக்கடை வைத்திருந்த ரெஜினாளிடம் போய்த் தொழில் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஆசான் என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணன் என்றாள்.

ஏழு வாரம் துருப்பிடித்த தகடுகளையே தேய்க்கக் கொடுத்தாள். எட்டாவது வாரம் நிஜக் கத்தி ஒன்றைக் கொடுத்தாள். சந்தையில் சூரை மீன் வெட்டும் பிலோமியின் கத்தி. முனை ஒடிந்திருந்தது. தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான், மதியம் படகு வருவதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் பிலோமி.

ரெஜினாள் சாணை மெஷினுக்குப் புது உப்புத்தாள் பெல்ட் வாங்கக் கிளம்பினாள். அமலதாஸ் மெஷினைப் போட்டார். முனை சீக்கிரம் வரட்டும் என்று, ஓடுகிற பெல்ட்டில் கத்தியை அழுத்திப் பிடித்தார். இடையிடையே தண்ணீரில் முக்க வேண்டும்; மறந்துவிட்டார். எடுத்துப் பார்த்தபோது முனைப்பக்கம் மூன்று விரற்கடை நீளத்துக்கு விளிம்பு சூட்டில் வெந்து நீலம் பாய்ந்திருந்தது.

நைஸ் பெல்ட்டை மாட்டி இரண்டு இழுப்பு இழுத்தார். நீலம் மறைந்து கத்தி பளபளத்தது. காகிதத்தில் வைத்தார், வழுக்கிக்கொண்டு வெட்டியது. மூச்சு வந்தது.

ரெஜினாள் திரும்பி வந்து கத்தியை வாங்கிப் பார்த்தாள். சந்தைக்குள் போய் ஒரு சூரையின் நடுமுள்ளை எடுத்துவந்து நாலு வெட்டு வெட்டினாள். கத்தியை அவரிடமே கொடுத்தாள். விரலால் தடவினார். விளிம்பு ஈயத் தகடுபோல மடங்கிக் கிடந்தது.

நடந்ததை அவர் மறைக்காமல் சொன்னார்.

"நீலம் போயிட்டே ஆசான். பதம் ஏன் திரும்பல?"

"நீலத்தைத்தானே தேச்சீங்க."

சூட்டில் வெந்து பதம் இழந்த இரும்பு அவ்வளவும் போக வேண்டும் என்றாள். அவளே செய்துவிட்டால் நல்லது என்று அவர் கத்தியை நீட்டினார். அவள் வேறொரு அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

அமலதாஸ் முரட்டு பெல்ட்டை மாட்டினார். கையுறையைக் கழற்றி வைத்தார். ஒரு இழுப்பு, ஒரு முக்கல். விரலில் சூடு தட்டியதும் நிறுத்தினார். முதுகு பிடித்து இழுத்தது, உட்காரவில்லை. அரை விரல் அகலம் தூளாகப் போனபிறகு மறுபடி முள்ளை வெட்டினார். விளிம்பு மடங்கவில்லை.

பிலோமி வந்தாள். கத்தி ஏன் இப்படி இளைத்திருக்கிறது என்று கேட்டாள். தன் கையால் வெந்துபோனது என்று அமலதாஸ் சொன்னார். பிலோமியின் முகம் சுண்டியது. கத்தியை வாங்கிக்கொண்டு சந்தைக்குள் போனாள்.

அவர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு தேய்ச்சுட்டேனே ஆசான். மிஞ்சினது என்ன?"

ரெஜினாள் அடுத்த கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மிஞ்சினதுதான் கத்தி" என்றாள்.